நடிகை வீட்டுக் கட்டில்

அத்தியாயம் 9

மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பூனையும் அவளுடைய அண்ணியும் அதைச் சாதித்துக் காட்டியிருந்தார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் அண்ணன்தான். பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க ஊர் சனத்தை ஏற்றி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே இரண்டு பேருக்கு நடுவே பேச்சை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, குளியலறைல பல்பு போயிடுச்சுன்னு."

"அண்ணா, மாத்தியாச்சுன்னு சொல்லு."

இத்தனைக்கும் இரண்டு பேரும் அவருக்கு ஆளுக்கொரு பக்கம், கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

பூனை என்பது வீட்டில் வைத்த பெயர். அவள் நடந்து வருவது யார் காதுக்கும் கேட்காது. பெயருக்கேற்ற வேலையும் அமைந்தது. நகரின் 'நடிகை வீட்டில்' படுக்கையறைக் காவல். அந்த வீடு ஒரு பெரிய நாடக நடிகை வாழ்ந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். மாடியில் ஒரு நாற்காலி, எதிரே ஒரு கயிறு, கயிற்றுக்கு அப்பால் நடிகையின் கட்டில். ஆறு வருடமாக அவள் வாயிலிருந்து அதிகம் வந்த சொல், "தொடாதீங்க."

சண்டைக்குக் காரணமும் அந்த நாற்காலிதான். சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் அண்ணி விளையாட்டாக ஒன்று சொன்னாள். "இவளுக்கென்ன, நாற்காலில உக்காந்து உக்காந்தே சம்பளம் வாங்கறா." எல்லோரும் சிரித்தார்கள். பூனை சிரிக்கவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான்.

அண்ணி இருபத்திரண்டு வருடமாக ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். ஒரு நாளைக்குப் பதினாறு கட்டிலுக்கு விரிப்பு மாற்றிப் படுக்கை போட்டு இடுப்பை ஒடித்துக்கொண்டு, இப்போதுதான் மேற்பார்வையாளர் ஆகியிருக்கிறாள். உட்கார்ந்து செய்யும் வேலை எதுவும் அவள் கணக்கில் வேலையில் சேர்த்தி இல்லை.

இந்த நிலையில்தான் போன வாரம் அருங்காட்சியகத்தின் காப்பாளர் பூனையைக் கூப்பிட்டு அந்தக் குண்டைப் போட்டார். வழிகாட்டி ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை, பார்வையாளர்களை அறை அறையாக அழைத்துப் போகும் பதினொரு மணிச் சுற்றைப் பூனை நடத்திக் காட்ட வேண்டும். நன்றாக நடத்தினால் அந்த வேலை அவளுக்கு. சொதப்பினால் மறுபடியும் நாற்காலி.

சேதி கேட்ட அண்ணி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள், நினைவிருக்கிறதா? "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நானும் வரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

---

பத்து ஐம்பத்தைந்துக்கு நடிகை வீட்டு வாசல் கூடத்தில் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். பூனை தனக்குக் கொடுத்த வழிகாட்டித் தாளை இன்னொரு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

எல்லோருக்கும் பின்னால் காப்பாளர், கையில் குறிப்பேட்டோடு. அவருக்குப் பக்கத்தில் அண்ணன், துவைத்துத் தேய்த்த சட்டையில். அண்ணியைக் காணோம்.

"காலை ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா வரேன்னு சொன்னா. வந்துடுவா, நீ ஆரம்பி," என்றார் அண்ணன்.

வராமல் இருந்தால்கூட நல்லதுதான் என்று பூனை நினைத்துக்கொண்டாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் இரண்டு வாக்கியம் அவளுக்கே கேட்கவில்லை.

"சத்தமா, சத்தமா!" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் சந்தேகமாகப் பார்க்கிற ஆசாமி.

பூனை மனப்பாடம் செய்திருந்த தாளை மனதுக்குள் மடித்து வைத்தாள். உடை அறைக்குள் நுழைந்ததும் நேராக ராணி வேடத்து அங்கியிடம் போனாள்.

"முன்பக்கம் பாக்காதீங்க. அதை எல்லாரும் பாத்தாச்சு. இந்தப் பக்கமா குனிஞ்சு, உள்பக்கம் பாருங்க."

இருபது தலைகளும் குனிந்தன. அங்கியின் உள்ளே ஒட்டுக்கு மேல் ஒட்டு. ஒரு இடத்தில் சாக்குத் துணி.

"வெளில ராணி, உள்ள சாக்கு. இதைப் போட்டுக்கிட்டுத்தான் முந்நூறு தடவை அரியணை ஏறினாங்க. முதுகு முழுக்க அரிக்கும். அரிக்கறது முகத்துல தெரியக்கூடாது. நடிப்புன்னா அது!"

குபீரென்று சிரிப்பு. பூனைக்குக் காதுவரை சூடாகிவிட்டது. தன் வாயிலிருந்து வந்த பேச்சுக்கு இத்தனை பேர் சிரிப்பது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. இறக்கை முளைத்தது மாதிரி அடுத்த அறைக்குப் பறந்தாள். அண்ணனும் தன் பங்குக்கு வேலையில் இறங்கிவிட்டார்.

"உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல எவ்வளவு இடம் கிடக்கு. வாசல்ல நிக்காதீங்க."

காப்பாளர் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் கூட்டம் நிஜமாகவே உள்ளே நகர்ந்தது.

வாசிப்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாடகப் பிரதிகள் விரித்து வைக்கப்பட்டிருந்தன. பூனைக்கு இந்த வீட்டிலேயே ரொம்பப் பிடித்த இடம் அது. வசனங்களின் ஓரத்தில் நீலப் பென்சிலால் யாரோ எழுதியிருந்த குறிப்புகளை அவள் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள்.

'இங்கே மூச்சு விடு.'

'இந்த வரியில் நீ சிரிக்காதே, அவர்கள் சிரிக்கட்டும்.'

'அவசரம் வேண்டாம். நான் இங்கேதான் நிற்கிறேன்.'

"யாரு எழுதினது?" என்றார் சந்தேகக்காரர்.

"தெரியாதுங்க. நடிகையோட கையெழுத்து இல்ல. இயக்குநரா இருக்கலாம்னு பலகைல போட்டிருக்கு. முப்பது வருஷப் பிரதி எல்லாத்துலயும் இதே நீலப் பென்சில்தான். அதுக்குள்ள இயக்குநர் ஏழு பேர் மாறிட்டாங்க."

காப்பாளர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. பூனை கூட்டத்தை மாடிப்படிக்குத் திருப்பினாள்.

---

இந்த நேரத்தில் மாடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நாம் பார்த்தாக வேண்டும்.

அண்ணி பதினொன்றேகாலுக்கு மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். ஹோட்டல் சீருடையை மாற்ற நேரமில்லை. கருநீலக் கோட்டு, மார்பில் பெயர்ப் பட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. தாமதமாகக் கூட்டத்தின் முன்னால் போய் நிற்கக் கூச்சப்பட்டுப் பக்கவாட்டுப் படியில் ஏறினாள். படி நேராகப் படுக்கையறையில் கொண்டுபோய் விட்டது.

அன்றைக்குப் பூனையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது புதிதாகச் சேர்ந்த பெண். சுற்று வருவதற்கு முன்னால் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அறையைச் சரிபார்ப்பார் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். சீருடையைப் பார்த்ததும் சடாரென்று எழுந்தாள்.

"ரூம் செக் பண்ணத்தானே வந்தீங்க? நல்ல வேளை மேடம். ஒரு நிமிஷம் பாத்துக்குங்க, தண்ணி குடிச்சுட்டு ஓடி வந்துடறேன்."

கயிற்றைக் கழற்றி வழிவிட்டுவிட்டு அவள் போனாள். ரூம் செக் என்றால் மாட்டேன் என்று அண்ணி இருபத்திரண்டு வருடத்தில் சொன்னதில்லை. உள்ளே போனாள். கட்டிலைப் பார்த்தாள்.

பகீரென்றது.

விரிப்பு சுருண்டு கிடந்தது. தலையணையில் பள்ளம். போர்வை பாதி கட்டிலில், பாதி தரையில். இன்னும் கொஞ்ச நேரத்தில் இருபது பேரை நாத்தனார் இங்கே கூட்டிக்கொண்டு வரப் போகிறாள். பின்னாலேயே மேலதிகாரி. இப்படி ஒரு கட்டிலைக் காட்டினால் வேலை கிடைக்குமா?

பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டை இருந்தது. அண்ணி அதைப் படிக்கத்தான் செய்தாள். ஹோட்டல் கதவிலும் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று தொங்கும். ஆள் காலிசெய்து போன பிறகு அதை யார் மதிப்பார்கள்? இங்கேயோ விருந்தாளி காலிசெய்து ஐம்பத்தெட்டு வருடம் ஆகிறது.

'மூணு மாசமா அவகூடப் பேசல. இதையாவது செய்யலாம்,' என்று நினைத்தாள். நினைக்கும்போதே கை வேலையைத் தொடங்கிவிட்டது.

நாலே நிமிடம். விரிப்பை உதறி, மூலைகளை மடித்துச் செருகி, மெத்தைக்கு அடியில் கை விட்டு இழுத்து, தலையணையைத் தட்டி, போர்வையின் ஓரத்தை ஒரு சாண் திருப்பி விட்டாள். நாணயத்தைப் போட்டால் துள்ளும், அப்படி ஒரு கட்டில். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சன்னல் ஓரமாகப் பெருமையோடு ஒதுங்கி நின்றாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

---

"இப்ப பாக்கப் போறதுதான் இந்த வீட்டோட உயிர்," என்று கதவருகே நின்று சொன்னாள் பூனை. குரலில் இப்போது நடுக்கமே இல்லை. "அன்னிக்குக் காலைல ஒத்திகைக்கு அவசரமா எழுந்து போனவங்க, சாயந்திரம் மேடைலயே விழுந்து போயிட்டாங்க. திரும்பி வரவே இல்ல. எழுந்து போன படுக்கை அப்படியே இருக்கு. வாங்க."

கதவைத் திறந்துவிட்டுக் கூட்டத்தின் முகங்களைப் பார்த்தாள். அந்த முகங்கள் மாறும் கணத்தைப் பார்க்க அவளுக்கு ஆசை. முகங்கள் மாறத்தான் செய்தன, ஆனால் அவள் நினைத்த மாதிரி இல்லை.

திரும்பிப் பார்த்தாள்.

போஸ்டரிலும் வாழ்த்து அட்டையிலும் வாசல் பலகையிலும் இருக்கிற, ஊரே பார்க்க வருகிற அந்தக் கலைந்த படுக்கை, கலையவே இல்லை.

யார் வேலை என்று அவள் யோசிக்கவே தேவையில்லை. அந்த மூலை மடிப்பை அவள் தினமும் வீட்டில் பார்க்கிறாள். சன்னலோரத்தில் அண்ணி சிரித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தின் மௌனத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு மெல்லக் கரைந்தது.

"யாரு... யாரு இதைச் செஞ்சது?" காப்பாளர் கட்டிலைச் சுட்டிக் காட்டினார். தண்ணீர் குடித்துவிட்டு வந்த புதுப்பெண் கதவருகில் சிலையாகிவிட்டாள்.

"நான்தாங்க," என்றாள் அண்ணி. "கலைஞ்சு கிடந்துச்சு. அவளுக்குக் கெட்ட பேர் வந்துடக்கூடாதேன்னு..."

பூனைக்கு ஒரு கணம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போச்சு, எல்லாம் போச்சு. ஆனால் 'அவளுக்குக் கெட்ட பேர் வந்துடக்கூடாதே' என்ற அந்த வார்த்தை உள்ளே போய் எங்கேயோ தைத்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அண்ணி அவளுக்காகப் பரிந்து சொன்ன முதல் வார்த்தை அது.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அப்படியே இருக்குன்னு சொன்னேன்ல? முழுசா அப்படி இல்ல. விரிப்பு அழுக்காகும், பூச்சி அரிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டை மூடிட்டு, விரிப்பைத் துவைச்சு, பழைய போட்டோவைப் பாத்து அதே மாதிரி கலைச்சு விடுவோம். கட்டிலும் மெத்தையும்தான் அசல். அதை யாரும் புரட்டினதில்ல."

"அப்ப இத்தனை வருஷமா எங்களை ஏமாத்தினீங்களா?" என்றார் சந்தேகக்காரர். கோபத்தைவிட ஆவல்தான் அதில் அதிகம்.

"இன்னிக்கு ஏமாத்தப் போறதில்ல. உங்க கண்ணு முன்னாடியே கலைக்கப் போறோம்." பூனை காப்பாளரைப் பார்த்தாள். "மேடம், போட்டோ வேண்டாம். ஆறு வருஷமா நான் பாத்துக்கிட்டிருந்தது இதைத்தான். ஒவ்வொரு மடிப்பும் எனக்குத் தெரியும்."

காப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு ஜோடி வெள்ளைக் கையுறைகளை எடுத்து நீட்டினார். ஒன்று பூனைக்கு. இன்னொன்றைப் பூனை வாங்கி, சன்னல் பக்கம் நடந்தாள்.

"அண்ணி. வாங்க."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுவில் நின்று சேதி சொல்லும் அவருடைய வேலை அந்த நொடியோடு போய்விட்டது.

"இடது ஓரத்துல நாலு மடிப்பு, விசிறி மாதிரி," என்றாள் பூனை. "மூணாவது மட்டும் கொஞ்சம் நீளம்."

"அங்க கையை ஊன்றி எழுந்திருக்காங்க," என்றாள் அண்ணி, விரிப்பைப் பிடித்தபடி. "வலது கையை ஊன்றினா துணி இப்படித்தான் சுருளும். அப்புறம்?"

"போர்வை இடது பக்கம் தரைல. தலையணைல பள்ளம்."

"அவசரமா எழுந்தவங்க போர்வையைக் காலாலதான் தள்ளுவாங்க. கையால இல்ல." அண்ணி போர்வையை ஒரு உதை உதைத்தது போல் சுண்டிவிட்டாள். அது போஸ்டரில் இருக்கிற மாதிரியே போய் விழுந்தது.

கூட்டம் கை தட்டியது. யாரும் கைபேசியை எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவில்லை. ஒரு மனுஷி அங்கிருந்து இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்தது.

"ஒண்ணு மட்டும் புரியல," என்றாள் அண்ணி, மெத்தையைத் தடவியபடி. "இன்னொருத்தர் படுத்த மடிப்பு எங்க?"

"இன்னொருத்தரா?"

"ஆமா. ரெண்டு பேர் படுத்த மெத்தையாச்சே இது. கையை வச்சுப் பாரு. இங்க ஒரு பள்ளம், இந்தப் பக்கம் ஒரு பள்ளம். நடுவுல மேடு. ஒரு நாள் ரெண்டு நாள்ல விழற பள்ளமா? வருஷக்கணக்கா படுத்திருக்காங்க."

பூனை கையை வைத்துப் பார்த்தாள். இருந்தது. இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் இன்னொன்று, அதைவிடக் கொஞ்சம் ஆழமாக.

"அவங்க கடைசிவரை தனியாத்தானே இருந்தாங்க?" என்றார் சந்தேகக்காரர். "போஸ்டர்லயே 'தனிமையின் ராணி'ன்னு போட்டிருக்கே!"

"மெத்தை பொய் சொல்லாதுங்க," என்றாள் அண்ணி.

பூனைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆறு வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்தவளுக்குத் தெரியாத ஒன்று, நாலு நிமிடம் தொட்டவளுக்குத் தெரிந்திருக்கிறது! தலைகால் புரியாத சந்தோஷத்தில் அவள் இருபது பேருக்கும் கேட்க அறிவித்துவிட்டாள்.

"இந்த வீட்ல ரெண்டு பேர் வாழ்ந்திருக்காங்க!"

---

சுற்று முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. வாசல் கூடத்தில் நின்று ஆளாளுக்கு வாதாடிக்கொண்டிருந்தார்கள். காப்பாளர் பூனையைத் தனியாக அழைத்தார்.

"முப்பது வருஷத்துல இந்த மாதிரி ஒரு சுற்றை நான் பார்த்ததில்ல. அது ஒரு பக்கம்." அவர் குறிப்பேட்டை மூடினார். "இன்னொரு பக்கம், அறையைத் தொட்டாச்சு. அதைவிட மோசம், ஆதாரமில்லாத ஒரு விஷயத்தை இருபது பேர்கிட்ட அடிச்சுச் சொல்லியாச்சு. சாயந்திரத்துக்குள்ள ஊர் முழுக்கப் பரவிடும்."

"மெத்தைல பள்ளம் இருக்கே மேடம்?"

"பள்ளம் போதாதும்மா. வீடு காலியா கிடந்த நாள்ல வேற யாரோ படுத்ததுன்னு சொல்லிடுவாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நிர்வாகக் குழு இதே பதினொரு மணிச் சுற்றுக்கு வருது. ரெண்டு பேர் வாழ்ந்தாங்கன்னு ஏதாவது ஆதாரம் காட்டு. அந்த வேலையை உனக்கு வாங்கித் தரது என் பொறுப்பு. இல்லன்னா அவங்க முன்னாடி நின்னு 'தப்பா சொல்லிட்டேன்'னு சொல்லு. அப்புறம் நாற்காலிதான்."

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்வதா? அதுவும் அண்ணி சொன்னதை? பூனை உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

---

மூன்று மணிக்கு நாடகம். அதுவும் அந்த நடிகை கடைசியாக நடித்த அதே அரங்கில். சுற்று முடிந்ததும் மூவரும் சேர்ந்து போவதென்று அண்ணன் முன்பே டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்.

சிவப்பு மெத்தை இருக்கைகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இன்றைக்கு நடுவில் அண்ணி. அண்ணன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள் அண்ணி, மேடைத் திரையைப் பார்த்தபடி. "நாற்காலில உக்காந்து சம்பளம்னு சொன்னேன்ல. இன்னிக்கு நீ ஒவ்வொரு மடிப்பா சொன்னப்ப எனக்கு வெக்கமா போச்சுடி. அதுவும் வேலைதான். நான் பதினாறு கட்டில் போட்டேன், ஒண்ணைக்கூட அப்படிப் பாத்ததில்ல."

பூனை அண்ணியின் பக்கம் திரும்பினாள். "விடுங்க அண்ணி. இன்னிக்கு நீங்க வரலன்னா நான் தாளைப் பாத்து ஒப்பிச்சுட்டு வந்திருப்பேன்."

"அந்த மேடம் என்ன சொன்னாங்க? வேலை உண்டா இல்லயா?"

பூனை எல்லாவற்றையும் சொன்னாள். ஆதாரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அடடா. ஷிஃப்ட் முடியறப்பதான் ஒப்படைக்கற பழக்கம், மறந்தே போச்சு." கோட்டுப் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். "ரூம்ல விருந்தாளி விட்டுட்டுப் போன பொருள் கிடைச்சா, உறைல போட்டுச் சீட்டு எழுதிடணும். எங்க ஹோட்டல்ல அது சட்டம். கட்டில் போடறப்ப கைல ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. குப்பைதான், இருந்தாலும் எழுதி வச்சேன்."

நாடகம் தொடங்கப் போவதைச் சொல்லும் மூன்றாவது மணி அடித்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கத் தொடங்கின. அண்ணி ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையைப் பூனையின் உள்ளங்கையில் வைத்தாள்.

உள்ளே ஒரு பென்சில் துண்டு. விரல் நீளம்கூட இல்லை. பின்பக்கம் கடித்துக் கடித்துப் பல் பதிந்திருந்தது. கூர் மட்டும் இன்னும் உடையவில்லை.

நீலப் பென்சில்.

'அவசரம் வேண்டாம். நான் இங்கேதான் நிற்கிறேன்.'

பூனை அண்ணியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி "ஷ்ஷ்" என்றார்.

"என்ன? என்ன ஆச்சு? எனக்கும் யாராவது சொல்லுங்களேன்," என்று ஓரத்திலிருந்து கெஞ்சினார் அண்ணன். அவரை யாரும் கவனிக்கவில்லை.

மிச்சமிருந்த வெளிச்சத்தில் பூனை உறைக்குள்ளிருந்த சீட்டைப் படித்தாள். அண்ணியின் குண்டு குண்டான கையெழுத்து.

'அறை: மாடிப் படுக்கையறை. இடம்: மெத்தைக்கும் தலைமாட்டுப் பலகைக்கும் நடுவில், வலது பக்கம். நேரம்: 11.18.'

அதற்குக் கீழே, 'விட்டுச் சென்ற விருந்தாளியின் பெயர்' என்று அச்சடித்திருந்தது. அந்தக் கோடு மட்டும் காலியாக இருந்தது.

திரை மெல்ல மேலே ஏறியது.